அந்தச் சின்ன மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

"மாத்திரை போட்டேன், பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சு, அதனால நிறுத்திட்டேன்." இந்தப் பேச்சை மருந்துக்கடை வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. நார்மலுக்குக் கொண்டுவந்ததே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் பெரும்பாலும் அழுத்தம் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறியது நமக்குத் தெரியவும் தெரியாது. பலருக்குத் தலைவலிகூட இருக்காது.

ரத்த அழுத்தம் என்றதும் இதயம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அழுத்தத்தை ஓயாமல் கண்காணிக்கிற உறுப்புகளில் சிறுநீரகம் முக்கியமானது. தனக்கு வரும் ரத்தம் போதவில்லை என்று தெரிந்தால் அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். கல்லீரல் அனுப்பும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டும். வெட்டிய துண்டை ஏ.சி.இ. என்ற நொதி மறுபடியும் வெட்டும். அப்போது பிறப்பதுதான் ஆஞ்சியோடென்சின் இரண்டு. ரத்தக்குழாய்களை இறுக்குவதும், உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தங்கவைப்பதும் இதன் வேலை.

இந்தச் சங்கிலியை அறுக்க வழிகாட்டியது ஒரு பாம்பு. பிரேசிலில் ஜராரக்கா என்றொரு விரியன் உண்டு. அதன் நஞ்சு ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும். நம் உடம்பில் பிராடிகைனின் என்று ஒரு பொருள் ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. அது சிதையாமல் காக்கும் ஏதோ ஒன்று இந்த நஞ்சில் இருப்பதை 1965-ல் பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரைரா எடுத்துச் சொன்னார். பிராடிகைனினைச் சிதைப்பதும் நாம் பார்த்த அதே ஏ.சி.இ. நொதிதான். நஞ்சின் சாற்றோடு லண்டனில் விஞ்ஞானி ஜான் வேன் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனார் ஃபெரைரா. பிறகு அந்த நஞ்சு காட்டிய வழியில், அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மன், ஒன்டெட்டி என்ற இருவர், அந்த நொதியை முடக்கும் மருந்தை ஆய்வுக்கூடத்திலேயே வடிவமைத்தார்கள். அதன் பெயர் கேப்டோபிரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நாம் போடும் எனலாபிரில், ரெமிப்ரில் எல்லாம் அந்த வம்சம்தான்.

சிலருக்கு ரெமிப்ரில் போட்டால் விடாத வறட்டு இருமல் வரும். நொதி முடங்கியதால் பிராடிகைனின் தேங்கிப்போவதே இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். இருமல் டானிக் எத்தனை பாட்டில் குடித்தாலும் இது போகாது. மருத்துவரிடம் சொன்னால் லோசார்டன், டெல்மிசார்டன் என்று மாற்றித் தருவார். இவை நொதியைத் தொடுவதில்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஆஞ்சியோடென்சின் வந்து உட்காரவேண்டிய ஏற்பியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றன.

அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாத்திரைகளும் இப்படித்தான், அட்ரினலினுக்கு இதயத்தில் இடம் தராமல் செய்கின்றன. துடிப்பு நிதானமாகும், இதயத்துக்கு வேலைப்பளு குறையும். இந்த வகையில் ப்ராப்ரனலாலை உருவாக்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது மிகவும் ஆபத்து. அட்ரினலினுக்கு இடம் கிடைக்காத நாட்களில் இதயம் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி வைத்திருக்கும். மாத்திரை நின்றதும் அட்ரினலின் மொத்தமாக வந்து தாக்கும். நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வரலாம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அம்லோடிபின் வேறு வழியில் போகிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் தசை இறுகுவதற்குக் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். அந்த வாசலை இது ஒடுக்குகிறது. ஒருநாள் போட்ட மாத்திரை மறுநாளும் உடம்பில் இருக்கும். கணுக்கால் வீங்கினால் கிட்னி போய்விட்டதோ என்று பயந்துபோகிறார்கள். இந்த மருந்தால் மட்டுமே வரும் வீக்கமும் உண்டு. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். க்ளோர்தாலிடோன் போன்ற நீர் பிரியவைக்கும் மாத்திரை, சிறுநீரகத்தை உப்பை வெளியே விடச்செய்கிறது. உப்போடு தண்ணீரும் போகும். அதனால்தான் அதைக் காலையில் போடச் சொல்கிறார்கள்.

கடைசியாக, மாத்திரை போடுகிறவர்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் வருத்தும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. ரெமிப்ரில், லோசார்டன் போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பே தடம் மாறலாம், கேட்காமல் வாங்காதீர்கள். இந்த இரண்டு வகை மருந்துகளும் கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகவே, இவற்றைப் போடும் பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.