கோழிக் கழுத்தும் ஒரு நாவலும்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையை விட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விருந்துக்கு முன்னால் என்னைப் பேச வைத்த அமைப்பாளர்களே இதற்குப் பொறுப்பு.

மணிலா நகரில் ஓர் உணவகம். சுவரெங்கும் பழைய நூல்களின் முகப்புகள். உணவுப் பட்டியலில் ஹோசே ரிசாலின் கதைமாந்தர் பெயர்கள். நான் கேட்டது 'தினோலா' என்னும் கோழிச்சாறு. இஞ்சி, பப்பாளிக்காய், முருங்கைக்கீரை எல்லாம் நமக்குப் பழகிய மணம்தான். (அங்கே மாம்பழத்துக்கும் 'மங்கா' என்றே பெயர், நம் மாங்காய் மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்த சொல்.) பரிமாறிய இளைஞர், "ஐயாவுக்குக் கழுத்து வேண்டுமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ரிசாலைப் படித்தவருக்கே அச்சிரிப்பு விளங்கும். 1887இல் பெர்லினில் அச்சான 'நோலி மெ தாங்ஹெரே' நாவலின் தொடக்கத்தில் ஒரு விருந்து. ஏழாண்டுகள் ஐரோப்பாவில் இருந்து திரும்பிய இபர்ராவின் தட்டில் ஈரல் முதலான நல்ல துண்டுகள். துறவி தாமாசோவின் தட்டிலோ வெறும் கழுத்தும் முற்றிய இறக்கையும். அவர் கரண்டியை ஓசையெழப் போட்டுத் தட்டைத் தள்ளுகிறார். ஸ்பானிய ஆட்சியில் துறவிகளின் அதிகாரம் எவ்வளவு அற்பமான காரணத்துக்கும் சீறும் என்று காட்ட ரிசாலுக்கு ஒரு கோழி போதுமானதாக இருந்தது. இபர்ராவுடைய தந்தையின் உடலைக் கல்லறையிலிருந்து தோண்டச் செய்தவர் இவரே என்று பின்னர் அறியும்போது, அக்கரண்டியின் ஓசை மறுபடியும் காதில் விழுகிறது.

பண்டத்துக்குக் கதைமாந்தர் பெயரிடுவது இலக்கியத்துக்கு இழிவு என்று உடன்வந்த நண்பர் முகம் சுளித்தார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெயர் சூட்டலைத் தொடங்கியவரே ரிசால். 1891இல் கென்ட் நகரில் வெளிவந்த 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ'வில், தாங்கள் கேட்ட மொழிக்கழகம் துறவிகளின் கைக்கே போய்விட்டதை நொந்த மாணவர்கள் ஒரு சீன உணவுக் கடையில் கூடுகிறார்கள். நண்டு அடையைத் துறவிகளுக்கும், வதக்கிய 'பன்சித்' மாவிழையை அரசுக்கும் நாட்டுக்கும் காணிக்கையாக்கிக் கேலி பேசுகிறார்கள். அடுத்துப் பல்கலைக்கழகத்தில் எதிர்ப்புச் சுவரொட்டிகள் காணப்பட, பழி மாணவர்கள் தலையில் விழுகிறது, கைது நடக்கிறது.

ரிசாலை 1896 டிசம்பர் 30ஆம் நாள் சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 35. இவ்விரு நாவல்களையும் மாணவர்கள் பயில வேண்டுமென 1956இல் சட்டம் வந்தது. கட்டாயப் பாடம் எந்த நூலையும் பாதி கொன்றுவிடும் என்பது என் கருத்து. ஸ்பானிய மொழி அறியாத அந்த இளைஞர், தகலோக் மொழிபெயர்ப்பில் படித்த கதையை வைத்துக் கேலி செய்கிறாரே, மீதிப் பாதி பிழைத்திருக்கிறது!

என் குறை வேறு. பட்டியலில் இபர்ரா இருந்தான், மரியா கிளாரா இருந்தாள், சீசா இல்லை. கோயிலில் மணியடிக்கும் தன் இரு சிறுவர்களுக்காகத் தக்காளியும் சிறுமீனும் ஆக்கி வைத்துக் காத்திருக்கும் ஏழைத் தாய் அவள். கிழவர் தாசியோ கொடுத்த காட்டுப்பன்றி இறைச்சியும் வாத்துத் தொடையும் அன்று அபூர்வமாகக் கிடைத்திருந்தன. சூதாடிக் கணவன் வந்து அத்தனையும் தின்றுவிட்டுப் போகிறான். எஞ்சியவை மூன்று கருவாடு. அவள் மறுபடியும் அடுப்பை மூட்டி உலை வைக்கிறாள்.