பகலில் கிளினிக், மாலையில் கேன்வாஸ்: கீவ் படேலின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "வேலைக்குப் போறேன், ஆனா வரையறதும் எழுதறதும்தான் பிடிச்சிருக்கு. வேலையை விட்டாத்தான் அதுல முழுசா இறங்க முடியுமா?"

இதைக் கேட்கும்போது எனக்கே கொஞ்சம் சுருக்குன்னு இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் ஒரு ராஜினாமா மெயில் டைப் பண்ணி டிராஃப்ட்டில் போட்டு வைத்தேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கு. அதனால இன்னைக்கு அட்வைஸ் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒருத்தருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் கீவ் படேல். பெயர் தெரியாவிட்டாலும் அவர் எழுதிய ஒன்றை உங்களில் பலர் மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் பல வருஷம் இருந்த 'ஆன் கில்லிங் எ ட்ரீ' கவிதை அவருடையது. மரத்தை எப்படிக் கொல்வது என்று சொல்லும் கவிதை. ஸ்கூலில் நமக்கு அதை 'மரம் வளர்ப்போம்' பாடமாகத்தான் நடத்தினார்கள். இப்போ ஒரு தடவை எடுத்துப் படிச்சுப் பாருங்க. கத்தியால் குத்தினால் போதாது, காயம் ஆறிடும், வேரையே வெளியே இழுக்கணும்னு ஒவ்வொரு படியாக, பதற்றமே இல்லாத குரலில் சொல்லிக்கொண்டு போவார். அறுவை சிகிச்சைக் குறிப்பு மாதிரி இருக்கும். ஏன்னா, எழுதினவர் ஒரு டாக்டர்.

1940-இல் மும்பையில் பிறந்த பார்சி. பூர்வீகம் தெற்கு குஜராத்தின் கடலோரத்தில் இருக்கும் நார்கோல். மும்பை கிராண்ட் மெடிக்கல் காலேஜில் படித்தார். பிறகு மும்பை சென்ட்ரல் பகுதியில் கிளினிக் வைத்தார். பெரிய ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் இல்லை. காய்ச்சல், வயிற்றுவலி, இருமல்னு வருகிறவர்களைப் பார்க்கும் ஜெனரல் டாக்டர். 2005 வரைக்கும் அதைத்தான் செய்தார்.

இப்போ இன்னொரு பக்கம். ஓவியம் அவர் காலேஜில் போய்ப் படித்ததில்லை, தானாகவே கற்றுக்கொண்டது. 1966-இல் மும்பை ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் முதல் கண்காட்சி. அதே வருஷம் முதல் கவிதைத் தொகுப்பு. அதை வெளியிட்டவர் கவிஞர் நிஸிம் எசக்கியேல். அப்போ இவருக்கு வயசு இருபத்தாறு. நம்மில் யாராவது அந்த இடத்தில் இருந்தால் அன்னைக்கே ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டி வைத்திருப்போம். அவர் வைக்கவில்லை.

என்ன காரணம்னு அவர் மனசுக்குள் புகுந்து சொல்ல முடியாது. ஆனால் அவருடைய வேலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கிளினிக்கும் கவிதையும் ஓவியமும் அவருக்கு மூணு தனி உலகம் இல்லை. மூணிலும் அவர் பார்த்தது ஒன்றையேதான்: மனித உடம்பு.

இரண்டாவது தொகுப்பு 1976-இல் வந்தது. அதன் தலைப்பே 'உடலே, நீ எப்படித் தாங்குகிறாய்' என்கிற மாதிரிதான் இருக்கும். அதை வெளியிட்ட கிளியரிங் ஹவுஸ், நாலு கவிஞர்கள் சேர்ந்து நடத்திய பதிப்பகம். அதில் இவரும் ஒருவர். மற்றவர்கள் அருண் கொலாட்கர், அடில் ஜஸ்ஸாவாலா, அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா. கொலாட்கரின் புகழ்பெற்ற 'ஜெஜூரி' அதே வருஷம் அங்கேதான் வந்தது. அந்தக் கொலாட்கருக்கும் பகலில் வேறு வேலை: விளம்பரத் துறையில் ஆர்ட் டைரக்டர்!

படேலின் ஓவியங்களுக்கு வருவோம். கைவண்டியோடு நிற்கும் இரண்டு தொழிலாளிகளை 1979-இல் வரைந்தார். எண்பதுகளில் 'ஆஃப் லாமிங்டன் ரோடு' என்று ஒரு பெரிய ஓவியம், தெரு முழுக்க மனிதர்கள். இன்னும் சிலவற்றில் செத்துக் கிடக்கும் உடல்கள், நசுங்கிய உடல்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் அதிர்ச்சி கொடுக்கணும்னு வரைந்த மாதிரி தெரியாது. ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்கும் பார்வை அது. அந்தப் பார்வை எந்த ஓவியக் கல்லூரியிலும் கிடைத்திருக்காது. தினமும் கிளினிக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இதைக் கேட்டுட்டு "அப்போ வேலையை விடாதேன்னு சொல்றீங்களா?"ன்னு கேட்காதீங்க. இதுக்கு ஒரு விலையும் இருக்கு. முதல் கவிதைப் புத்தகம் 1966, இரண்டாவது 1976, மூன்றாவது 1991. இருபத்தைந்து வருஷத்தில் மூணே மூணு சின்னப் புத்தகங்கள். நடுவில் மூன்று நாடகங்களும் எழுதினார் என்றாலும், வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுகிற வேகம் அவருக்குக் கிடையாது. அதோடு, அது அவருடைய சொந்த கிளினிக். எப்போ திறக்கணும், எப்போ மூடணும்னு அவரே முடிவு பண்ணலாம். ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜர் கால் வருகிற வேலையும் அதுவும் ஒண்ணு இல்லை. அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது ஏமாற்று.

அவருடைய பிற்கால ஓவியங்களில் கிணற்று வரிசை ஒன்று உண்டு. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது தெரிகிற காட்சி. தண்ணீர், அதில் விழுந்த வானம், சுற்றிலும் செடிகொடி. கிணற்றில் எட்டிப் பார்த்தால் நாம முதலில் தேடுவது நம்ம முகத்தைத்தானே? இவர் மற்ற எல்லாத்தையும் வரைந்தார். 'நான் ஆர்ட்டிஸ்ட்டா, இல்லையா'ன்னு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கண் எதிரில் இருப்பதைப் பார்க்கலாமேன்னு எனக்குத் தோன்றியது அங்கேதான்.

ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் பத்து வருஷத்துக்கும் மேல் பிள்ளைகளுக்குக் கவிதைப் பட்டறை நடத்தினார். 2023 நவம்பரில், 83 வயதில், காலமானார்.

இனி அந்த டிராஃப்ட் மெயில். அதை நான் அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஆனால் கேள்வி மாறியிருக்கு. முன்னாடி 'இந்த வேலை என் நேரத்தைத் தின்னுதே' என்று மட்டும்தான் யோசித்தேன். இப்போ 'இந்த வேலையில நான் தினமும் எதைப் பார்க்கிறேன், அதை எங்கேயாவது எழுதி வைக்கிறேனா?'ன்னும் கேட்டுக்கொள்கிறேன். பதில் 'ஒண்ணுமே இல்லை'ன்னு வந்தால், மெயிலை அனுப்ப அது ஒரு நல்ல காரணம்தான்.

உங்க வேலையில நீங்க மட்டும் பார்க்கிற ஒரு விஷயம் என்ன? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.