அச்சுக்கூடமும் அறச்சாலையும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



நல்லூர் ஆறுமுக நாவலரைப் பற்றிப் பேசும்படி எம்மைக் கேட்டவர்கள், அவருடைய கண்டனங்களை எடுத்துச் சொல்வோம் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவை மேடைதோறும் பேசப்பட்டவை. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவர் நடத்திய அச்சுக்கூடமும், அதனோடு கூடி வளர்ந்த தருமமும், அத்தருமம் அவருக்குப்பின் யார் கையில் நின்றது என்பதுமாம்.

கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் பிள்ளையாக 1822-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் நாடகங்கள் இயற்றியவர். ஒரு நாடகத்தை முடிக்குமுன் அவர் காலமாக, ஒன்பது வயதுப் பிள்ளை எஞ்சிய பகுதியைப் பாடி முடித்தார் என்று சரித்திரம் கூறும். மூத்தோர் குறையாக விட்டதை இளையோர் எடுத்து முடிக்கும் வழக்கம் அந்த வீட்டில் அன்றே தொடங்கிவிட்டது.

தமையன்மார் உத்தியோகத்தில் இருந்தார்கள். ஆங்கிலம் படித்த தம்பிக்கும் அவ்வழி திறந்தேயிருந்தது. அவரோ பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் பார்த்த ஆசிரிய வேலையை 1848-இல் விட்டார், இல்லறத்திலும் புகவில்லை. சைவத்தையும், அதற்குக் கருவியாகிய கல்வியையும் வளர்க்கும் ஆசையே காரணம் என்று பிற்காலத்தில் தாமே எழுதினார். பொதுவாக ஒன்று சொல்வோம்: ஒருவர் வருவாயை விட்டுத் தருமத்தில் இறங்கினால், அந்த வீட்டில் வேறு யாராவது உலையில் அரிசி போட வேண்டும். நாம் தருமவானைப் பாடுகிறோம். அரிசி போட்டவரைப் பாடுவதில்லை.

அதே ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. பிள்ளைகள் வந்தார்கள், அவர்கள் கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. ஏடு உண்டு. ஆனால் ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதி, அதையும் பிழை பார்த்து முடிக்க எத்தனை நாட் செல்லும்? நூறு பிள்ளைகளுக்கு நூறு ஏடு யார் எழுதுவார்? அரசாங்கத்தின் உதவிப்பணமும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஆகவே அச்சியந்திரம் வாங்குவதென்று துணிந்து, மாணவர் சதாசிவபிள்ளையை உடன்கொண்டு 1849-இல் சென்னைக்குப் புறப்பட்டார். அந்த யாத்திரையிலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் சூட்டிற்று. சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரியையும் உரையோடு சென்னையில் அச்சிட்டுக்கொண்டு, யந்திரத்தோடு ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையில் அதை நிறுவி வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டார். அநுபாலனம் என்பது பேணிக் காத்தல். அது வித்தையைப் பேணும் சாலை. பெயரில் இலாபத்தின் வாசனையே இல்லை.

இளைஞர்களே, அக்காலத்து அச்சுவேலை எத்தகையது என்று சிறிது எண்ணிப் பாருங்கள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். ஏட்டிலே சொற்கள் இடைவிடாமல் ஓடும்; பெரும்பாலும் புள்ளியும் இராது. அதைப் பிரித்து, பாடபேதம் ஆராய்ந்து, நிறுத்தக்குறி இட்டு, புதிதாகப் படிப்பவனும் திணறாதபடி செய்தார் நாவலர். சிறுவர்க்குப் பாலபாடங்கள் வந்தன. செய்யுள் அறியாதாரும் நாயன்மார் சரித்திரத்தைப் படிக்கும்படி 1852-இல் பெரியபுராணம் வசனமாக வந்தது. நாவலர் பதிப்பு என்றால் பிழையில்லாதது என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. பிழையில்லாத புத்தகத்தை ஏழைப் பிள்ளையின் கையிற் கொடுப்பதும் அன்னதானத்திற்கு இளைத்ததன்று என்பது எமது கருத்து.

கொடுத்தவர்களையும் நினைத்தல் வேண்டும். 1861-இல் பரிமேலழகர் உரையோடு திருக்குறளை நாவலர் பதிப்பித்தபோது பொருளுதவி செய்தவர் இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவர். அவருடைய மைந்தர் பாண்டித்துரைத் தேவரே 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியவர். தகப்பன் ஒரு நூலுக்குக் கொடுத்தார். மகன் நூல்களுக்கென ஒரு சங்கத்தையே கொடுத்தார். குலவழக்கம் என்பது இதுதான்.

1864-இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. பின்னர் 1877-இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஐம்பத்தைந்து வயதை அணுகிய அந்தப் பதிப்பாசிரியர் புத்தக வேலையோடு நின்றுவிடவில்லை. உள்ளவர்களிடம் கேட்டு வாங்கிக் கஞ்சித்தொட்டி வைத்து இல்லாதவர்களுக்கு ஊற்றுவித்தார். தமக்கென்று ஒருவரிடமும் கையேந்தாதவர் பிறருடைய பசிக்காகக் கேட்க வெட்கப்படவில்லை.

1879 டிசம்பர் 5-ஆந் தேதி அவர் காலமானார். மக்கள் இல்லாத ஒருவருடைய தருமம் பின் என்னாயிற்று? எங்கள் ஊர்களில் கோயிற் சொத்தும் மடத்துச் சொத்தும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி, அங்கிருந்து நீதிமன்றத்துக்கு ஏறுவதைப் பெரியோர்கள் அறிவீர்கள். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நாவலருடைய தருமமோ வேலை செய்தவர்களிடம் இறங்கிற்று. அச்சியந்திரம் வாங்கக் கூடப்போன சதாசிவபிள்ளையே அவருக்குப்பின் அச்சுக்கூடத்தையும் தருமங்களையும் பார்த்தார். மருமகர் பொன்னம்பலபிள்ளை புராணப் பொருள் சொல்லுவதில் ஈடிலர் எனப் பெயர் பெற்று மாணவர் பலரை ஆக்கினார். தமையனார் வழியில் வந்த கைலாசபிள்ளை நாவலரின் சரித்திரத்தை எழுதினார். காவிய பாடசாலை நடத்தினார்.

அந்தக் கைலாசபிள்ளை செய்த இன்னொரு வேலையைச் சொல்லி முடிப்போம். நாவலர் அவ்வப்போது அச்சிட்டு வெளியிட்ட விஞ்ஞாபனங்களும் சிறு பிரசுரங்களும் பல. அவை நாலைந்து தாள் கொண்டவை. படித்தபின் சுருட்டி எறியப்படுபவை. அவற்றைத் தேடிச் சேர்த்து ஆறுமுகநாவலர் பிரபந்தத்திரட்டு என்று அவர் அச்சிட்டார். நாவலர் உத்தியோகத்தை விட்ட காரணத்தைத் தம் வாக்காலே சொன்னதை நாம் இன்று படிக்க முடிவது அத்தகைய தாள்கள் காக்கப்பட்டதனாலேயே.