வம்பலரும் விருந்தினரும்: மலைவழிப் பேருந்தில் சொற்கள் சொல்லும் செய்தி



இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் எளியது. முன்பின் அறியாதவர்களோடு பேருந்தில் அமர்ந்து, எப்போது சென்றடைவோம் என்ற உறுதியின்றி மலையேறும் மனிதருக்கு மொழி என்ன துணை செய்கிறது? இந்த வினாவுக்கு ரிங்லெட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளந்தாய்ந்தது 1885 ஆம் ஆண்டில். போ தேயிலை நிறுவனம் தோன்றியது 1929 இல். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. பேராக் மாநிலத்தில் தொடங்கி, காட்டினூடே வளைந்து வளைந்து ஏறி, பகாங் எல்லையைக் கடந்ததும் அச்சாலை காணும் முதல் ஊர் ரிங்லெட். நெடுங்காலம் மலைக்கு முதன்மையான வழி இது ஒன்றே. மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தாலும், ஓரிடத்தில் மண் சரிந்தாலும் பயணம் நின்றுவிடும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பேருந்தை நம்பியவர்கள், நிச்சயமின்மையையும் பயணச்சீட்டோடு சேர்த்தே வாங்கினார்கள்.

'பஸ்' என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். இது 'ஆம்னிபஸ்' என்பதன் வால். இலத்தீன் மொழியில் அதன் பொருள் 'எல்லாருக்கும்' என்பது. 1820களில் பிரான்சு நாட்டின் நாந்து நகரிலும், பின்னர் பாரிசிலும் ஓடிய பொதுக் குதிரைவண்டிகளுக்கு இப்பெயர் வழங்கியது. கட்டணம் செலுத்திய எவரும் எவர் அருகிலும் அமரலாம் என்பதே அவ்வண்டியின் புதுமை. சொல்லின் வால் மட்டும் நம்மிடம் வந்தது. 'எல்லாருக்கும்' என்ற கருத்து இன்றும் அவ்வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி, பேருந்தில் நம் அருகில் அமரும் அந்தப் புதியவரைத் தமிழ் எவ்வாறு அழைத்தது என்று பார்ப்போம். பழந்தமிழில் புதுமையைக் குறித்த சொற்களுள் இரண்டு இங்கே கருதத்தக்கவை. ஒன்று விருந்து; மற்றொன்று வம்பு.

இன்று விருந்து என்றால் இலைபோட்டுப் பரிமாறும் உணவு. அதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளின் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறும்போது, புதுவதாகப் புனையும் யாப்பையே கருதுகிறார். புதுமையைக் குறித்த சொல் புதிதாக வந்தவரைக் குறித்தது. பின்னர் அவருக்கு இடும் உணவைக் குறித்தது. வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் ஓம்பச் சொன்ன விருந்து, உறவினர் கூட்டம் அன்று. வாயிலில் வந்து நிற்கும் புதியவர்.

வம்பின் வரலாறு வேறு. உரியியலில் தொல்காப்பியர் இச்சொல்லுக்கு நிலையின்மை என்று பொருள் உரைக்கிறார். காலம் தவறிப் பெய்யும் மழைக்குச் சங்கப் புலவர் இதனை அடையாக்கினர். பாலைவழியில் செல்லும் புதியவர்கள் 'வம்பலர்' எனப்பட்டனர். ஆறலை கள்வரின் அம்புக்கு இரையாகிறவர்களும் பாலைப் பாடல்களில் இவர்களே. இன்றோ வம்பு என்றால் வீண் சண்டை. வம்பை விலைக்கு வாங்காதே என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம்.

ஆக, புதுமையை உணர்த்திய இரு சொற்களுள் ஒன்று உபசரிப்பை நோக்கி நடந்தது. மற்றொன்று தொல்லையை நோக்கி நடந்தது. பிற மொழிகளிலும் இப்பிரிவு உண்டு. இலத்தீனில் அயலானைக் குறித்த 'ஹோஸ்டிஸ்' என்னும் சொல் பின்னாளில் பகைவனைக் குறித்தது. அதே வேரிலிருந்து கிளைத்ததுதான் விருந்தினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'கெஸ்ட்'. வந்தவர் ஒருவரே. அவர் விருந்தா வம்பா என்பது பெரும்பாலும் நாம் அவரை எதிர்கொள்ளும் முறையைப் பொறுத்தது.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அயலாரை நம்புதல் என்பது கண்ணை மூடிக்கொள்ளுதல் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இதற்கு நல்ல சான்று. பெருங்கௌசிகனார் இயற்றிய அந்நூல், நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு முன்சென்று மீண்டவர் வழிகூறும் முறையில் அமைந்தது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், கால் வழுக்கும் பாறைகள் ஆகியவற்றையெல்லாம் அது ஒளிக்காமல் உரைக்கிறது. உடனே, இன்ன சிற்றூரில் உங்களை உறவினரைப் போல் வரவேற்பர், இன்ன உணவு கிடைக்கும் என்றும் கூறுகிறது. இடரையும் ஈரத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் இந்த நேர்மைதான் ஆற்றுப்படையின் சிறப்பு. தான் பெற்ற வழியைப் பின்வருபவருக்குச் சொல்லுதலை ஓர் இலக்கிய வகையாகவே போற்றிய மொழி நம்முடையது.

கணியன் பூங்குன்றனாரின் புறப்பாடலையும் இவ்விடத்தில் நினைக்கலாம். அதன் முதலடி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அப்பாடலின் நடுவில், மலைமழையால் பெருகிக் கல்லில் மோதி இறங்கும் ஆறும், அதன் போக்கிலே செல்லும் தெப்பமும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாரும் உறவினர் என்ற துணிவும், வாழ்வு நம் கையில் முழுமையாக இல்லை என்ற தெளிவும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. போகும் திசையை முற்றும் அறியாதவர்களுக்கே உடன் வருபவரின் அருமை விளங்கும்.

இதைப் பேருந்தில் நேரில் காணலாம். ஒரு மழைநாளில் தாப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தோம். முன்னே மண் சரிந்திருந்ததால் வண்டி நின்றது. முதல் கால்மணி நேரம் எவரும் பேசவில்லை. பிறகு பின்னிருக்கையிலிருந்த மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "பசியாறியாச்சா, ஐயா?" என்று கேட்டார். மலேசியத் தமிழரின் இவ்வினா உணவைப் பற்றியது மட்டுமன்று. நீர் இருப்பதை நான் கண்டேன் என்பதே அதன் பொருள். அவர் தம் பையிலிருந்த அவித்த சோளத்தை எனக்கும், அருகிலிருந்த மலாய் இளைஞருக்கும் கொடுத்தார். இளைஞர் அவரை 'மாக்சிக்' என்றார். அவர் இளைஞரை 'தம்பி' என்றார். மலாயில் சிற்றன்னையும் தமிழில் இளையவனும் ஒரு நொடியில் உறவாகிவிட்டனர்.

மொழியியலார் இதனை உறவுப்பெயர் நீட்சி என்பர். மலாயிலும் தமிழிலும் இது இயல்பு. இரு மொழிகளுக்கும் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. கேட்பவரை உள்ளடக்கும் 'நாம்', கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' என்ற வேறுபாடு மலாயில் 'கித்தா', 'காமி' என அமைந்துள்ளது. ஆங்கிலத்தில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இல்லை. நின்ற பேருந்தில் ஒருவர், "நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்கும் கணத்தில் தனித்தனிப் பயணிகள் ஒரு கூட்டமாகின்றனர். மலாயில் 'தும்பாங்' என்னும் சொல் பிறர் வண்டியில் இடம்பெற்றுச் செல்வதையும், பிறர் வீட்டில் தங்குவதையும் குறிக்கும். முன்பின் அறியாதவரிடம் வழி கேட்பவரும் 'தும்பாங் தாஞா' என்றே தொடங்குவார். கேள்வி கேட்பதும் பிறருடைய நேரத்தில் சிறிது தூரம் ஏறிச் செல்வதே என்னும் பணிவு அத்தொடரில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் சொல்வதற்கு இன்று ஒரு தேவை இருக்கிறது. இம்மலைக்கு நம் முன்னோர் வம்பலராகவே வந்தனர். கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் 'கெலிங்' என்னும் பெயர், வெறும் இடப்பெயராகத் தொடங்கி இழிசொல்லாக மாறியதன் வலியை அவர்கள் அறிவர். இன்று இதே தேயிலை, காய்கறித் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தில் நம் அருகில் அமர்பவர் அவர்தாம். அவரை நாட்டுப் பெயரைச் சுருக்கி அதட்டி அழைக்கும் குரலை நான் கேட்டிருக்கிறேன். நம்மை நோக்கி எறியப்பட்ட கல்லை எடுத்து நமக்குப் பின் வந்தவர்மேல் எறிவது ஆற்றுப்படை மரபுக்கு நேர் எதிரானது. முன்சென்றவர் வழி சொல்ல வேண்டியவர்; வழி மறிப்பவர் அல்லர்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கு ஒரு களப்பணி கொடுங்கள். ரிங்லெட்டிலிருந்து ஒருமுறை பெரியவர் ஒருவரின் துணையோடு பேருந்தில் பயணம் செய்து, அறியாதவர்கள் ஒருவரையொருவர் விளிக்கும் சொற்களைக் குறித்து வரட்டும். கைப்பேசி வரைபடம் சாலையின் வளைவுகளைக் காட்டும், இச்சொற்களைக் காட்டாது. தமிழில் அண்ணன், மலாயில் அபாங், வங்காளியில் பாய், நேப்பாளியில் தாஜு. நான்கும் உடன்பிறந்தவனைச் சுட்டும் சொற்கள். நான்கும் அயலாரை அழைக்கவும் வழங்குகின்றன. இப்பட்டியலை எழுதி முடிக்கும் மாணவர், அடுத்த பயணத்தில் அவற்றுள் ஒன்றையேனும் வாய்திறந்து சொல்வாராயின், என் பொழிவு பயன் பெற்றதாகக் கொள்வேன்.