பட்டமும் பண்பும்



திருவிழா அழைப்பிதழ் அச்சேறும் வேளையில் நிர்வாகத்தினரை மலைக்க வைப்பது, சிறப்பு விருந்தினரின் பெயருக்கு முன் எதனை எழுதுவது என்பதே. அரசுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சில கூற விழைகிறேன்.

மாட்சிமை தங்கிய மாமன்னர் வழங்கும் பட்டங்களுள் உயர்ந்தது துன், அடுத்தது டான்ஸ்ரீ, அதற்கும் அடுத்தது டத்தோ. மாநில ஆட்சியாளர்களும் டத்தோ முதலிய பட்டங்களை வழங்குகின்றனர். இவர்களின் துணைவியார் முறையே தோ புவான், புவான்ஸ்ரீ, டத்தின் எனப்பெறுவர். துன் சம்பந்தனாரின் துணைவியாரைத் தோ புவான் உமா சம்பந்தன் என்று அழைத்தது இம்முறையால்தான். ஆனால், ஒரு பெண்மணி தம் தொண்டுக்காகவே டத்தோ பட்டம் பெறுவாராயின், அதனால் அவர்தம் கணவர் டத்தோ ஆகிவிடுவதில்லை, அவரைத் திரு. என்றே எழுதுதல் வேண்டும்.

பட்டம் வேறு, பதவிக்குரிய அடைமொழி வேறு. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களை மலாயில் 'யாங் பெர்ஹோர்மாட்' என்பர். நாம் 'மாண்புமிகு' என்கிறோம். பதவி நீங்கினால் அவ்வடைமொழியும் நீங்கும். பட்டம் பதவியோடு போவதில்லை. டத்தோவுக்கு முன் திரு. சேர்த்தல் மிகை. 'டாக்டர்' என்பது டத்தோவுக்குப் பின்னரே வரும். பட்டத்தை அடுத்து விருந்தினரின் சொந்தப் பெயர் வரவேண்டும். தந்தையின் பெயரை மட்டும் எழுதிவிடலாகாது. ஐயம் எழுந்தால் அவர்தம் அலுவலகத்தைக் கேட்டறிவதில் இழுக்கில்லை.

மேடையில் பட்டங்களை ஒருமுறை முழுமையாகச் சொன்னால் போதும். வரிக்கு வரி அடுக்குவது முகத்துதியாகும். விருந்தினர் வரவு தாமதமாயிற்று என்று தீபாராதனையை நிறுத்தி வைப்பதும் முறையன்று.

அன்பர்களே, விடியுமுன் மடைப்பள்ளியில் காய்கறி நறுக்கும் அம்மையாருக்கும், தேர்வடம் பிடிக்கும் இளைஞருக்கும் பட்டமில்லை. அவர்களை "ஏய், இந்தா" என்று விரட்டிவிட்டு, மேடையில் "டத்தோ அவர்களே" என்று குழைவோமானால், நாம் வணங்குவது பதவியைத்தான், மனிதரை அன்று. அவர்களையும் "அம்மா", "தம்பி" என்று அன்போடு அழைப்போம். அர்ச்சனைச் சீட்டில் நாம் எழுதுவது பெயரும் நட்சத்திரமும் மட்டுமே. டத்தோவும் தோட்டத் தொழிலாளியும் அன்னையின் திருமுன் அவ்வாறே நிற்கின்றனர்.