நாட்டு விடுதலையும் மனித விடுதலையும்



ஒரு நாடு விடுதலை பெற்றால், அந்நாட்டில் வாழும் மனிதனும் விடுதலை பெற்றவனாகி விடுகிறானா? அரசியல் தத்துவம் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. காவிரி பாயும் தஞ்சைத் தரணியின் வரலாறே போதும்.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுப்பதற்காகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடக்கத் தொடங்கினர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் என்ன செய்தனர்? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். வேதாரணியத்தில் வைரப்பன் என்னும் நாவிதர், தம்மிடம் முகம் மழித்துக்கொள்ள வந்தவர் காவலர் என்று அறிந்ததும், பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறையும் சென்றார்.

அதிகாரத்தின் முன் நின்று 'மாட்டேன்' என்று சொல்லும் துணிவை அவ்வெளிய மனிதருக்கு அளித்தது எது? நாட்டுப்பற்றே அன்றோ! இங்கே நாட்டுப்பற்றும் மனித விடுதலையும் கைகோத்து நிற்கின்றன.

ஆனால், அத்தொண்டர்கள் நடந்த சாலையின் இருமருங்கிலும் இருந்த வயல்களில் உழைத்த பண்ணையாளை எண்ணிப் பாருங்கள். தம் மிராசுதாரிடம் அவர் 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்ததா? கடனாலும் குடியிருந்த மனையாலும் அவர் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்தார். மீறினால் சவுக்கடியும் சாணிப்பாலும் காத்திருந்தன. அவரை ஒடுக்கியவர் அயல்நாட்டார் அல்லர். அவர் மொழியையே பேசியவர்.

1958ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில், ஐசாயா பெர்லின் என்னும் அறிஞர் இவ்வேறுபாட்டை விளக்கினார். தம்மைத் தம்மவரே ஆளவேண்டும், தாமும் பிறரால் மதிக்கப்படவேண்டும் என்னும் வேட்கை ஒன்று; தனிமனிதன் பிறர் தடையின்றி வாழும் உரிமை மற்றொன்று. முன்னது கிடைத்ததனாலேயே பின்னதும் கிடைத்துவிட்டது என்று மயங்கலாகாது.

அப்படியாயின் நாட்டு விடுதலையால் பயனே இல்லையா? உண்டு, பெரும்பயன் உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையையும் கட்டாய உழைப்பையும் விலக்கியது. முதற்பொதுத்தேர்தலில் பண்ணையாளும் வாக்குரிமை பெற்றார். 1940களிலிருந்து பி. சீனிவாசராவ் முதலியோர் வளர்த்த விவசாயிகள் இயக்கத்தின் குரல் சட்டமன்றத்தை எட்டியது. 1952 ஆகஸ்டில், அன்று முதலமைச்சராக இருந்த அதே இராஜாஜியின் அரசு, தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. குத்தகையாளருக்கு விளைச்சலில் 40 விழுக்காடும், பண்ணையாளுக்குக் குறைந்தபட்சக் கூலியும் உறுதியாயின. உப்புக்காக நடந்தவர் கையாலேயே இச்சட்டம் பிறந்தது நம் சிந்தனைக்குரியது.

எனினும் சட்டம் ஒன்றே போதுமானதாக இல்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். நாடு விடுதலை பெற்று அப்போது இருபத்தோராண்டுகள் ஆகியிருந்தன.

மேட்டூரில் மதகு திறந்தார்கள் என்ற செய்தி கேட்டவுடனே கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று எந்த உழவரும் எண்ணமாட்டார். வாய்க்கால் தூர்வாரப்பட்டிருக்கவேண்டும், இடையில் எவரும் நீரை மறித்தல் கூடாது. நாட்டு விடுதலை மதகைத் திறப்பது போன்றது. அது திறவாமல் எவ்வயலுக்கும் நீரில்லை. ஆயினும் அது கடைமடைக்குச் சென்று சேர்ந்ததா என்று பார்ப்பதும் நாட்டுப்பற்றேயாகும்.

மாணவர்களே! நாட்டை வாழ்த்தும்போதெல்லாம், அதன் கடைசி மனிதரால் இன்று அச்சமின்றி 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா என்றும் கேளுங்கள். அக்கேள்வியை நாட்டுக்கு எதிரானது என்று எவரேனும் கூறினால், வைரப்பனை அவருக்கு நினைவூட்டுங்கள்.