முதல் லேத்தைக் கடைந்தது எந்த லேத்?

ராஜபாளையத்தில் பஞ்சும் நூலும் எவ்வளவு பேசப்படுகின்றனவோ அவ்வளவுக்கு லேத் பட்டறை பேசப்படுவதில்லை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்தே, சுழலும் கதிர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதைக் கடைந்து கொடுக்கும் கை ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளில் தண்டைத் தாங்கும் ஒரு புஷ் தேய்ந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த புஷ் நேராக லேத்துக்குத்தான் போகும். இப்படிப்பட்ட ஊரில், ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, ஒருவர் தம் வீட்டுப் பின்கட்டில் இரும்பு கடையும் சிறு லேத் ஒன்றைத் தாமே செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள டர்னர் யாரிடம் கேட்டாலும், “லேத் செய்ய முதலில் லேத் வேண்டுமே” என்பார். அது பாதி உண்மை. மற்றப் பாதியைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கடைதல் என்ற சொல் நம்மிடம் பழையது. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம், கீரையையும் கடைகிறோம். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு கையாலும் மாறி மாறி இழுக்கும் அசைவும், கயிறு இழுத்து மரம் கடைந்த பழைய கடைசல் பட்டறையின் அசைவும் ஒன்றே. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைசல் வேலைதான். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படியும். அங்கே உளியைப் பிடிப்பது மனிதக் கை. கை நடுங்கினாலும் கண் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இரும்பு அப்படி இணங்காது. வெட்டும் விசைக்கு முன்னால் கை தோற்றுப்போகும். 1800ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் உளியைக் கையிலிருந்து எடுத்து, நேரான தடத்தில் நகரும் சட்டம் ஒன்றில் பூட்டி, அதை ஒரு திருகுக் கம்பியால் நகர்த்தினார். இன்றைய லேத்தின் உயிர் அந்தத் தடத்தில் இருக்கிறது. அதைத்தான் பட்டறையில் பெட் என்கிறார்கள். மோட்டாரையும், கடையும் பொருளைப் பிடிக்கும் சக்கையும் காசு கொடுத்து வாங்கலாம். நேரான பெட்டுக்கு எங்கே போவது?

இங்கேதான் நம் டர்னரின் கேள்வி நிற்கிறது. நேரான தடம் செய்ய அதைவிட நேரான இயந்திரம் வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்று பின்னோக்கிப் போனால், முதல் நேர்க்கோட்டை யார் போட்டது? மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840இல் இதற்கான வழியை அறிஞர் அவையில் விளக்கினார். நம் வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் அரைத்த அம்மி நடுவில் குழிந்திருக்கும், குழவி அந்தக் குழிக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இரண்டுமே மட்டமில்லை. தொலைநோக்கிக் கண்ணாடி அரைப்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். இரண்டு வட்டக் கண்ணாடிகளைத் தேய்த்தால் மேலது குழியும், கீழது மேடாகும். ஆகவே இரண்டு இரும்புப் பலகைகள் பொருந்தினால் போதாது, மூன்று வேண்டும். முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது முதலாவதோடும் பொருந்த வேண்டும். முதலாவது குழி என்றால் மற்ற இரண்டும் மேடாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு மேடுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. மூன்றும் பொருந்திவிட்டால் மூன்றும் மட்டம். இந்தக் கணக்கில் எங்கேயும் முன்னரே மட்டமான பொருள் ஒன்று தேவைப்படவில்லை. செய்யும் முறையும் எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். ஒரு பலகையில் நீல மையை மிக மெல்லியதாகத் தடவி, மற்றதை அதன்மேல் வைத்து லேசாக இழுத்து எடுக்க வேண்டும். நீலம் ஒட்டிய இடம் மேடு. தேய்ந்த அரத்தின் முனையைத் தீட்டிய சுரண்டியால் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்ட வேண்டும். திரும்ப மை, திரும்பச் சுரண்டல். முதலில் இரண்டு மூன்று இடங்களில் திட்டாக நின்ற நீலம், போகப்போகக் கேழ்வரகு இறைத்தாற்போல் பரவலாக விழத் தொடங்கும். அந்த மட்டப் பலகையை வைத்து, பெட்டின் தடமாகும் எஃகுப் பட்டைகளையும் இப்படியே சுரண்டி நேராக்கலாம். இந்த வேலைக்கு லேத் வேண்டாம்.

தடம் நேராக இருந்தாலும் அதைத் தாங்கும் உடல் வளையக்கூடாது. வார்ப்பிரும்பு பெட் வீட்டில் வார்க்க முடியாது, சரி. அமெரிக்காவில் டேவிட் கிஞ்சரி என்பவர் 1980களில் கரி அடுப்பில் அலுமினியக் கழிவை உருக்கி லேத் செய்யும் முறையை எழுதினார்; அதைப் பின்பற்றிப் பலர் செய்தார்கள். அவருடைய அடுப்பைவிட நம் ஊருக்குப் பொருத்தமானது கான்கிரீட் என்பது என் கருத்து. முதல் உலகப் போர்க் காலத்தில் பீரங்கிக் குண்டு கடைய லேத் போதாமல் போனபோது, அமெரிக்காவில் யோமன்ஸ் என்ற பொறியாளர் கான்கிரீட் உடல் கொண்ட லேத்துகளைச் செய்து காட்டினார். எஃகின் விறைப்பில் கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் உண்டு. ஆனால் ஒரு சட்டத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவுக்கு எதிரான அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அதாவது 10 செ.மீ. உயரமுள்ள கெட்டி எஃகுச் சட்டத்துக்கு, அதே அகலத்தில் 20 செ.மீ. உயரக் கான்கிரீட் சளைக்காது. அதிர்வை விழுங்குவதில் கான்கிரீட் எஃகை மிஞ்சும். வெடிக்குமே, இழுவிசை தாங்காதே என்றால், உள்ளே இரண்டு மரைக்கம்பிகளை நீளவாக்கில் விட்டு, இரு முனையிலும் நட் போட்டு இறுக்கி அதை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருக்கலாம். கான்கிரீட் ஏழையின் சமாளிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உயர்தர கிரைண்டிங் இயந்திரம் செய்யும் சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் நிறுவனம், கல் துகளை எபாக்சி பிசினில் குழைத்துத்தான் பெட் வார்க்கிறது. ராம்கோ சிமென்ட் நிறுவனத்தின் ஊருக்கு சிமென்டைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்!

ஆனால் சிமென்ட் சுருங்கும். 28 நாள் ஈரச்சாக்கு போட்டு வைத்தாலும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு ஈரக் கான்கிரீட்டிலேயே அந்தப் பட்டைகளைப் பதித்தால், சுரண்டிச் சுரண்டிச் சேர்த்த நேர்மை போய்விடும். யோமன்ஸின் சாமர்த்தியம் இதில்தான் இருந்தது. அவர் உடலைத் துல்லியமில்லாமலே வார்த்தார். துல்லியமான பாகங்களைப் பிறகு அளந்து நிறுத்தி, இடைவெளியில் சுருங்காத உலோகக் கலவையை உருக்கி ஊற்றிப் பூட்டினார். நம் வீட்டு லேத்தில் அந்த உலோகத்தின் இடத்தில் எபாக்சியை ஊற்றலாம். சுரண்டிய எஃகுப் பட்டைகளைத் திருகுகளின் மேல் நிறுத்தி, மட்டம் பார்த்து, அடியில் எபாக்சி ஊற்றி ஆறவிட்டால் பட்டை வளையாமல் உட்காரும். அதையும் விடியற்காலையில் செய்வது நல்லது. தகரக் கூரையின் மதிய வெக்கை மேலிருந்து இறங்கும்போது பட்டையின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடச் சூடாகும். ஒரு மீட்டர் எஃகு 10 பாகை சூட்டுக்கு 0.12 மி.மீ. நீளும் என்பதால், மேலும் கீழும் வேறு வேறாக நீண்டு பட்டை வில்லாக வளையும்.

மற்றவை சுலபம். டிராக்டர் சக்கரத்தின் டேப்பர் ரோலர் பேரிங் இரண்டு இருந்தால், சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலைத் தாங்கிவிடலாம். வீட்டு ஒற்றை முனை மின்சாரத்தில் ஓடும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதும். 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பியைச் சாதாரண உளியால் கடைய நிமிடத்துக்கு 380 சுற்று வேண்டும். 1440 சுற்று மோட்டாரை நாலுக்கு ஒன்றாக புல்லி போட்டு இறக்கினால் ஏறத்தாழ அங்கே வந்துவிடும். முதல் திருகுக் கம்பிக்கு போல்ட் கடையில் விற்கும் மரைக்கம்பியை வைத்துக்கொள்ளலாம். பின்னால் அதைக்கொண்டே அதைவிட நல்லதைக் கடையலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: துண்டு, தொங்கும் வேட்டி நுனி, முழுக்கைச் சட்டை எதுவும் லேத் பக்கம் ஆகாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டு சுவிட்ச் போடவும் கூடாது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பழைய லேத் ஒன்றை வாங்கிவிடலாமே என்று நேயர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கேள்வி நியாயமானது. நாளைக்கே வேலை எடுத்துக் காசு பார்க்க வேண்டியவர் வாங்கத்தான் வேண்டும். செய்தால் மலிவு என்று நான் சொல்லவில்லை. கூலியைக் கணக்குப் போட்டால் மலிவே இல்லை. ஆனால் பழைய லேத்தின் பெட், சக்கை ஒட்டிய ஒரு முழ நீளத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனென்றால் பெரும்பாலான வேலை அங்கேதான் நடக்கும். புதுப் பெயின்ட் அதை மறைக்காது என்றாலும், பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அது படும். அந்தக் கண் மூன்று பலகை சுரண்டியவருக்கு இருக்கும். எடைப் பிரச்சினையும் உண்டு. ஆறடி லேத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்து ஒன்றில் திருப்பி, நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுபோவது, தேரை முடுக்கில் திருப்புவதற்குச் சமம். கான்கிரீட் பெட் மூட்டை மூட்டையாக உள்ளே போய் அங்கேயே கெட்டியாகும். கணினியே லேத்தை ஓட்டும் சிஎன்சி காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்தான் உண்டு. கணினி உளிக்குக் கட்டளை இடும். வளைந்த பெட்டை நிமிர்த்தாது.

லேத் செய்து முடிந்த பிறகும் அது நேரா என்று அறிய வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. தடித்த கம்பித் துண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, மறுமுனையைத் தாங்காமல், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்களை விட்டு நடுவைக் குறைத்துவிட வேண்டும். பிறகு உளியின் குறுக்கு நகர்வைத் தொடாமல், இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் மிக லேசாகக் கடைந்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வெளி வளையம் விட்டத்தில் 0.04 மி.மீ. பெரிதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தில் அது 0.02. அப்படியானால் ஸ்பிண்டிலின் அச்சு 100 மி.மீ.க்கு 0.02 மி.மீ. உளியை விட்டு விலகிப் போகிறது. ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 200 மி.மீ. தூரம் இருந்தால், பின்முனையை 0.04 மி.மீ., அதாவது தலைமுடிப் பருமனில் பாதி அளவு, நமக்கு அப்பால் தள்ள வேண்டும். டயல் கேஜை முட்டுக் கொடுத்து, போல்ட்டைத் தளர்த்தி, தள்ளி, இறுக்க வேண்டும். இறுக்கும்போது முள் கொஞ்சம் நகரும். மறுபடி தளர்த்த வேண்டும். பிறகு அதே கம்பியில், அதே இரண்டு வளையத்தையும் இன்னொரு முறை கடைந்து அளக்க வேண்டும்.